ஜேம்ஸ் வாட்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் நாட்டில் எந்த வேலை நடைபெற வேண்டுமாயினும் அதற்கு மனிதனின் தோள் வேண்டும். அல்லது குதிரையின் கால் வேண்டும். இல்லையேல் காற்றையோ ஆற்றுநீரையோ நம்பியிருக்க வேண்டும். காற்று நின்றால் காற்றாலை நின்றது. கோடையில் ஆறு மெலிந்தால் நீர்ச்சக்கரமும் ஓய்ந்தது. காடுகள் அருகி விறகின் விலை ஏறியமையால் மக்கள் குளிர் காயவும் உணவு சமைக்கவும் நிலக்கரியை எரித்தனர். ஆயினும் அக்கரி வெப்பம் தந்ததேயன்றி ஒரு சக்கரத்தையேனும் சுழற்றியதில்லை. மேற்பரப்பிற் கிடைத்த கரி தீர்ந்துபோகவே, சுரங்கங்களை ஆழமாக வெட்டினர். ஆழம் மிக மிக நீர் ஊறிப் பெருகியது. குதிரைகளைப் பூட்டி இரவும் பகலும் இறைத்தும் நீர் வற்றியபாடில்லை. காலடியில் எரிபொருள் குவிந்து கிடந்தும் அதனை வெளிக்கொணர வலிமையின்றி ஒரு நாடு தவித்த காலம் அது.

அத்தவிப்பை ஓரளவு தீர்த்தவர் தாமஸ் நியூகோமன் என்னும் இரும்பு வணிகர். அவர் அமைத்த நீராவிப் பொறி 1712-ஆம் ஆண்டில் டட்லி நகருக்கருகில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கத் தொடங்கியது. அதன் அமைப்பை அறிந்துகொண்டால்தான் வாட் செய்த பணியின் அருமை விளங்கும். கொதிகலத்திலிருந்து எழும் நீராவி ஒரு பெரிய உருளைக்குட் புகும். உருளையினுள் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் தட்டு ஒன்று உண்டு. அதனைப் பிஸ்டன் என்பர். உருளை நிறைந்ததும் அதனுட் குளிர்ந்த நீரைப் பீச்சுவர். நீராவி நொடிப்பொழுதில் நீர்த்துளிகளாகச் சுருங்கும். உருளையினுள் வெற்றிடம் தோன்றும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஏற்றத்தின் துலாவைப் போன்ற ஒரு பெருமரத்தின் ஒரு முனையில் பிஸ்டனும், மறுமுனையில் சுரங்கத்து நீரிறைப்பானின் தண்டும் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு முனை தாழ மறுமுனை உயர்ந்து நீரை மேலே கொணரும்.

இப்பொறி தின்ற கரிக்கோ அளவில்லை. விலைபோகாத தூள்கரி மலைபோற் குவிந்திருந்த நிலக்கரிச் சுரங்கங்களின் வாயிலில் அது பொருட்டாகத் தோன்றவில்லை. பிற இடங்களில் கரியைச் சுமந்து சென்று இப்பொறியை ஓட்டுதல் யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பாயிற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

ஜேம்ஸ் வாட் 1736-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஸ்காட்லாந்து நாட்டில், கிளைடு ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கிரீனாக் என்னும் துறைமுகத்திற் பிறந்தார். அவருடைய பாட்டனார் கணக்கு கற்பித்த ஆசிரியர். தந்தையார் கப்பல் தச்சர். கப்பல்களுக்கு வேண்டும் பொருள்களை விற்கும் வணிகருமாவார். வாட் பிறவியிலேயே மெலிந்த உடலினர். தலைநோய் அவரை ஓயாது வருத்திற்று. அதனால் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல இயலாது, பெரும்பாலும் அன்னையிடமே பாடம் கற்றார். தந்தையின் பட்டறையிற் சிறு கருவிகளைக் கொண்டு எதையேனும் இழைப்பதும் பிரிப்பதும் மீண்டும் பூட்டுவதுமே அவருடைய விளையாட்டு. கொதிக்கும் கெண்டியின் மூடி எழும்புவதைக் கண்டு சிறுவனான வாட் நீராவியின் வலிமையைக் கண்டறிந்தார் என்னும் கதை பலரும் அறிந்ததே. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் நீராவிக்கு வலிமை உண்டென்பது அவர் பிறப்பதற்கு முன்னரே உலகறிந்த செய்தி. வாட் கண்டது வேறொன்று.

அவருக்குப் பதினேழு வயதானபோது அன்னையார் மறைந்தார். தந்தையின் வாணிகமும் நலிந்தது. தம் உழைப்பால் வாழ வேண்டிய நிலை ஏற்படவே, கணிதக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க 1755-இல் லண்டன் நகருக்குச் சென்றார். ஏழாண்டுகள் பயிலாதாரைத் தொழிலில் ஏற்கலாகாது என்பது அந்நாளைய கைவினைஞர் சங்கங்களின் விதி. ஜான் மார்கன் என்பவர் மட்டும் இருபது கினி பெற்றுக்கொண்டு ஓராண்டிற்குக் கற்பிக்க இசைந்தார். ஏழாண்டுக் கல்வியை ஓராண்டிற் கற்க முனைந்த வாட், போதிய உணவும் உறக்கமும் இன்றி உடல் நலிந்து ஊர் திரும்பினார்.

கிளாஸ்கோ நகரிற் கடை வைக்க முயன்றபோது அங்கும் சங்கத்தின் விதி குறுக்கே நின்றது. நல்வாய்ப்பாக அந்நகரத்துப் பல்கலைக்கழகம் அவருடைய கைத்திறனை அறிந்து, 1757-இல் தன் வளாகத்தினுள்ளேயே ஓர் அறையை அளித்தது. பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சங்கத்தின் ஆணை செல்லாது. பட்டம் பெறாத அத்தொழிலாளியின் அறையில் பேராசிரியர்களும் மாணவர்களும் கூடி உரையாடலாயினர். வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜோசப் பிளாக் அவர்களுள் ஒருவர். 1764-இல் வாட் தம் உறவுப் பெண்ணான மார்கரெட் மில்லரை மணந்தார்.

அக்காலத்திலேதான் ஜான் ஆண்டர்சன் என்னும் பேராசிரியர், வகுப்பிற் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் பொறியின் சிறு உருவம் ஒன்றைச் செப்பனிடுமாறு வாட்டிடம் தந்தார். பழுதை நீக்கிய பின்னரும் அது சில முறையே அசைந்து நின்றுவிட்டது. வேறொருவராயின் சின்னப் பொறி, அவ்வளவுதான் என்று திருப்பிக் கொடுத்திருப்பர். வாட்டுக்கு மனம் அமையவில்லை. எத்துணை நீர் எத்துணை நீராவியாகிறது, ஒருமுறை பிஸ்டன் அசைய எத்துணை நீராவி செலவாகிறது என்று அளந்தளந்து பார்த்தார். உருளையின் கொள்ளளவைக் காட்டிலும் பன்மடங்கு நீராவி அதனுட் சென்று மறைவதைக் கண்டார். எங்கே மறைகிறது? ஒவ்வொரு முறையும் குளிர்நீரைப் பீச்சுவதால் இரும்போ பித்தளையோ ஆன உருளை முழுதும் குளிர்ந்துபோகிறது. அடுத்த முறை புகும் நீராவி, அவ்வுருளையை மீண்டும் சூடாக்குவதிலேயே தன் வெப்பத்தை இழக்கிறது. வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாறு வீணாகிறது என அவர் கணக்கிட்டார். நாடெங்கும் சுரங்க வாயில்களில் இரவு பகலாக எரிந்த கரியின் பெரும்பகுதி நீரை இறைக்கவில்லை. இரும்பைச் சுடவைத்து ஆறவைத்து, ஆறவைத்துச் சுடவைத்தே தீர்ந்து கொண்டிருந்தது.

நோயைக் கண்டாயிற்று, மருந்து அகப்படவில்லை. நீராவியை வீணாக்காதிருக்க உருளை எப்போதும் சூடாக இருத்தல் வேண்டும். வெற்றிடம் தோன்ற அது குளிர்தல் வேண்டும். ஒரே கலம் ஒரே வேளையிற் சூடாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பது எங்ஙனம்? ஓராண்டிற்கு மேல் இவ்வினா அவரை அலைத்தது. 1765-ஆம் ஆண்டின் இளவேனிலில் ஒரு ஞாயிறன்று பிற்பகல் கிளாஸ்கோ நகரத்துப் பசும்புல் திடலில் அவர் உலாவிக்கொண்டிருந்தபோது விடை தோன்றியது. வெற்றிடம் எங்கிருந்தாலும் நீராவி அதனுட் பாயும் இயல்பினது. ஆதலின் உருளையோடு குழாயால் இணைந்த வேறொரு கலத்தை அமைத்து, அதனை மட்டும் குளிராக வைத்தால் போதும். நீராவி அங்கே சென்று சுருங்கும். உருளை தன் சூட்டை இழவாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்வது அந்நாட்டு வழக்கமன்று. திங்கட்கிழமை வந்ததும், மருத்துவர்கள் கையாளும் பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றையே உருளையாகக் கொண்டு சிறு மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார். அது வேலை செய்தது.

கருத்துத் தோன்றியது ஒரு பிற்பகலில். அது பொறியாக உருப்பெற்றதோ பதினோராண்டுகள் கழித்து. அவ்வாண்டுகளே வாட்டின் வாழ்வில் கொடியவை. கைக்குள் அடங்கும் மாதிரியைச் செய்வது வேறு. ஆள் உயர உருளையைச் செய்வது வேறு. காரன் என்னுமிடத்தில் இரும்பாலை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் ரோபக், தம் நிலக்கரிச் சுரங்கத்தில் பெருகிய நீரால் துன்புற்றிருந்தார். அவர் வாட்டின் கடனை ஏற்றுக்கொண்டு, உரிமையில் மூன்றில் இரு பங்கைப் பெற்றார். 1769 ஜனவரியில் காப்புரிமையும் கிட்டியது. கின்னீல் என்னும் ஊரிற் பெரிய பொறி ஒன்று எழுந்தது. ஆனால் அந்நாளைய கொல்லர்களால் உருளையின் உட்புறத்தை ஒழுங்கான வட்டமாகக் கடைய இயலவில்லை. பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே நீராவி கசிந்தது. சணல், தக்கை, எண்ணெய் தோய்ந்த கந்தை, பழந்தொப்பி என எதையெதையோ சுற்றிப் பார்த்தும் கசிவு நிற்கவில்லை.

குடும்பத்தைக் காக்க வாட் நில அளவைத் தொழிலை மேற்கொண்டார். மழையிலும் பனியிலும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து கால்வாய்களுக்கு வழி அளந்து கொடுத்தார். 1773-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஸ்காட்லாந்தின் வடமலைப் பகுதியில் அவ்வாறு அளந்து கொண்டிருந்தபோது மனைவி பிள்ளைப்பேற்றில் துன்புறும் செய்தி வந்தது. அவர் விரைந்து திரும்பியும் பயனில்லை, மார்கரெட் இறந்துவிட்டார். தாயற்ற இரு குழந்தைகளோடு வாட் எஞ்சினார். ஏறத்தாழ அதே வேளையில் ரோபக்கின் செல்வமும் முழுதும் அழிந்தது. அவருக்குக் கடன் கொடுத்தோர் ஒவ்வொரு பொருளாக மதிப்பிட்டுப் பங்கிட்டபோது, நீராவிப் பொறியின் உரிமைக்கு ஒரு செல்லாக்காசும் மதிப்பிடவில்லை.

மதிப்பிட்டவர் ஒருவரே. பர்மிங்காம் நகருக்கருகில் சோகோ என்னுமிடத்தில் பெரிய தொழிற்சாலை நடத்திய மாத்தியூ போல்ட்டன், தமக்கு வரவேண்டிய 1,200 பவுனுக்கு ஈடாக அப்பங்கை ஏற்றுக்கொண்டார். அவருடைய தொழிற்சாலையும் நீர்ச்சக்கரத்தை நம்பியதே. கோடையில் நீர் வற்றி வேலை நிற்கும் துன்பத்தை அவர் நன்கறிவார். 1774-இல் வாட் பர்மிங்காம் நகரிற் குடியேறினார். இருவரும் இயல்பில் இரு துருவங்கள். வாட் எதற்கும் அஞ்சி, எதிலும் குறைகண்டு, பேரம் பேசுதலைப் பெருந்துன்பமாகக் கருதுபவர். போல்ட்டன் நம்பிக்கையே உருவானவர். நண்பர் சோர்ந்தபோதெல்லாம் அவரைத் தாங்கி நின்ற அப்பெருந்தகை இல்லையேல் வாட்டின் பொறி கின்னீலிலேயே துருவேறிப் போயிருக்கும். காப்புரிமைக் காலம் பாதி கழிந்துவிடும் நிலையில் இருந்தமையால், 1775-இல் நாடாளுமன்றம் அதனை 1800-ஆம் ஆண்டு வரை நீட்டித்தது.

உருளையின் குறையைத் தீர்த்தது போர்க்கலத் தொழில் என்பது வியப்புக்குரியது. ஜான் வில்கின்சன் என்னும் இரும்பாலையார் பீரங்கிக் குழாய்களைத் துல்லியமாகத் துளையிடும் முறை ஒன்றை 1774-இல் கண்டிருந்தார். அதே வழியில் அவர் கடைந்தளித்த, ஐம்பது அங்குலக் குறுக்களவுள்ள உருளையில் எவ்விடத்தும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனமளவுகூடப் பிழையில்லை. 1776-இல் டிப்டன் நகருக்கருகில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலும், வில்கின்சனின் இரும்புலையிலுமாக இரு பொறிகள் இயங்கத் தொடங்கின. பழைய பொறி எரித்த கரியிற் பாதிக்கும் மிகக் குறைவாகவே அவை எரித்தன.

இச்சிக்கனத்தின் அருமையை முதலில் உணர்ந்தது கார்ன்வால் நாட்டுப்புறம். அங்கே செம்பும் வெள்ளீயமும் உண்டு, நிலக்கரி இல்லை. வேல்ஸ் நாட்டிலிருந்து கடல்வழியாகக் கரியை வரவழைத்து நீர் இறைத்ததனால் பல சுரங்கங்கள் மூடும் நிலையில் இருந்தன. போல்ட்டனும் வாட்டும் அவர்களோடு செய்துகொண்ட உடன்பாடு புதுமையானது. பழைய பொறி எரித்திருக்கக்கூடிய கரியையும் புதிய பொறி எரிக்கும் கரியையும் ஒப்பிட்டு, மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தரவேண்டும் என்பதே அது. பொறி எத்தனை முறை அசைந்தது என்பதை எண்ண, துலாவின்மீது பூட்டிட்ட பெட்டி ஒன்றில் எண்ணுகருவி வைக்கப்பட்டது. எரித்த கரிக்கு விலை கொடுத்துப் பழகியவர்கள் எரிக்காத கரிக்கு விலை கொடுக்க மனமொப்பவில்லை. சில ஆண்டுகள் மகிழ்ந்தனர், பின்னர் முணுமுணுத்தனர், இறுதியில் பலர் தர மறுத்தனர். வழக்குகள் 1799 வரை நீண்டன. சுரங்கத்தார் சிலர் பொறியின் முழக்கமே அதன் வலிமை என்று எண்ணினர். வாட் ஒருமுறை ஓசை தணியுமாறு பொறியைச் சீர்செய்தபோது, அது வெறிகொண்டாற்போல் முழங்கினாலன்றி அங்கிருந்த ஒருவருக்கு உறக்கம் வரவில்லையாம்.

நீரிறைக்கும் பொறிக்குச் சுரங்கமே எல்லை. ஆலைகளுக்கு வேண்டுவதோ சுழற்சி. போல்ட்டனின் தூண்டுதலால் வாட் அம்முயற்சியில் இறங்கினார். 1781 முதல் சில ஆண்டுகளுக்குள் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் பற்சக்கர அமைப்பையும், பிஸ்டனின் இருபுறத்தும் நீராவியைச் செலுத்தும் முறையையும், தண்டை நேர்கோட்டில் இயக்கும் இணைப்பையும் கண்டார். 1788-இல், பொறி விரைந்தால் நீராவியைத் தானே குறைத்தும், தளர்ந்தால் தானே கூட்டியும் வேகத்தை நிலைநிறுத்தும் சுழல்குண்டுக் கருவியைச் சேர்த்தார். குதிரைகளை வைத்து ஆலை நடத்தியவர்கள், இப்பொறி எத்தனை குதிரைக்கு ஈடு என்று கேட்டனர். வாட் அதனையும் அளந்தார். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயரம் தூக்கும் வலிமையே ஒரு குதிரைத்திறன் என வகுத்தார். உண்மைக் குதிரை நாள் முழுதும் அவ்வளவு உழைக்காது. வாங்குவோர் ஏமாறக்கூடாது என்று அவர் அளவைச் சற்றுத் தாராளமாகவே வைத்தார் போலும். பின்னாளில் அறிஞர்கள் ஆற்றலை அளக்கும் அலகு ஒன்றுக்கு அவர் பெயரையே இட்டனர். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட் ஆகும்.

1785-இல் நாட்டிங்காம் பகுதியில் பாப்பிள்விக் என்னும் ஊரின் பஞ்சாலையில் வாட்டின் பொறி பூட்டப்பட்டது. அதுவரை பஞ்சாலைகள் ஆற்றங்கரையைத் தேடிச் சென்றன. இனி நிலக்கரி செல்லுமிடமெல்லாம் ஆலை எழக்கூடும் என்றாயிற்று. மதுவடிசாலைகளிலும் மாவாலைகளிலும் இரும்பாலைகளிலும் நீராவி உழைத்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் நடந்த கரும்பாலைகளுக்கும் சோகோப் பொறிகள் சென்றன என்பதையும் மறைத்தற்கில்லை. 1800-ஆம் ஆண்டிற்குள் அவர்கள் அமைத்த பொறிகள் ஏறத்தாழ ஐந்நூறு.

கரியை மிச்சப்படுத்தவே பிறந்த பொறி நாட்டின் கரிச் செலவைக் குறைத்ததா என்றால், இல்லை. சிறிது கரியால் பெரிது வேலை நடக்கும் என்றதும், முன்பு பொறியைக் கனவிலும் நினையாதவரெல்லாம் அதனை வாங்கினர். பொறிகள் பெருகின, அவற்றுக்கு இரும்பு வேண்டியிருந்தது, இரும்பு உருக்கக் கரி வேண்டியிருந்தது, நீர் வற்றிய சுரங்கங்களிலிருந்து கரி மேன்மேலும் வந்தது. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துதலே அதன் செலவைப் பெருக்குகிறது என்று 1865-இல் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் பொருளியலறிஞர் எழுதிய நூல் வாட்டின் பொறியையே சான்றாகக் காட்டியது. 1913-இல் பிரிட்டன் 28 கோடி டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை வெட்டியெடுத்தது. கரிப்புகை நகரங்களைக் கறுக்கச் செய்தது; அதன் வளி உலகின் காற்றையே வெப்பமாக்கி வருகிறது. கரியால் மின்சாரம் ஆக்கிய கடைசி நிலையத்தை அந்நாடு மூடியது 2024-ஆம் ஆண்டிலேதான்.

வாட் குறையற்றவர் அல்லர். உயரழுத்த நீராவியைப் பயன்படுத்துதல் ஆபத்து என்று கருதிப் பிறர் முயற்சியையும் அவர் தடுத்தார். தம்மிடம் பணியாற்றிய வில்லியம் மர்டாக் 1784-இல் நீராவியால் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தபோது அதனை ஊக்குவிக்கவில்லை. அக்கொதிகலங்கள் வெடிக்கும் என்ற அச்சம் பொய்யன்று. ஆனால் இருப்புப்பாதையில் ஓடிய பொறிகள் அவருடைய காப்புரிமை முடிந்த பின்னர்ப் பிறர் கையாலேதான் உருவாயின.

1800-இல் காப்புரிமை முடிந்ததும் வாட் தொழிலை மக்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். இரண்டாம் மனைவி ஆன் மெக்கிரிகரிடம் அவருக்குப் பிறந்த மகளும் மகனும் இளமையிலேயே மறைந்தனர். 1809-இல் போல்ட்டனும் இறந்தார். வாட் தம் ஹீத்ஃபீல்டு இல்லத்தின் மேல்மாடத்தில், கூரையை ஒட்டிய சிற்றறையிற் பட்டறை அமைத்துக்கொண்டு, சிலைகளைப் பார்த்து அவ்வாறே செதுக்கும் கருவி ஒன்றைச் செய்வதில் முதுமையைக் கழித்தார். 1819 ஆகஸ்ட் 25-ஆம் நாள் தம் எண்பத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தார். போல்ட்டன் துயிலும் ஹேண்ட்ஸ்வொர்த் தேவாலயத்திலேயே அவரையும் அடக்கம் செய்தனர். மேல்மாடத்து அறை பூட்டப்பட்டு நெடுங்காலம் அவ்வாறே கிடந்தது. 1924-இல் அதிலிருந்த ஆயிரக்கணக்கான பொருள்களையும் தரைப்பலகைகளையும் பெயர்த்தெடுத்து லண்டன் அறிவியல் காட்சிச்சாலைக்குக் கொண்டு சென்றனர். முற்றுப்பெறாத சிலைகளும், உளிகளும், வேலையின் நடுவே அவர் சிற்றுணவு சமைத்துக்கொண்ட அடுப்பும் அங்கே அவர் விட்டுச்சென்றபடியே இருந்தன.